எந்தச் செடி? மெண்டலும் பட்டாணியும்

வீட்டில் செடி வளர்த்து ஏதாவது சோதனை செய்து பார்க்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் வருகிற பேச்சு எரு, தண்ணி, வெயில். சில பேர் இளையராஜா பாட்டு போட்டுக் காட்டினால் சீக்கிரம் வளருமா என்று கேட்பார்கள். எந்தச் செடியில் செய்யப் போகிறோம் என்பது கடைசியில்தான் வரும். அதுவும் பெரும்பாலும் சமையலறை டப்பாவில் என்ன இருக்கிறதோ அதுதான். பச்சைப்பயறு, வெந்தயம், கொண்டைக்கடலை. முளைக்கிறதா, முளைக்கிறது, புராஜெக்ட் முடிந்தது, டீச்சர் கையெழுத்து போட்டாச்சு.

எனக்குத் தாவரவியல் பட்டம் எல்லாம் கிடையாது. பழைய அறிவியல் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிற கிறுக்கு மட்டும் உண்டு. அப்படிப் படித்ததில் மனசில் நின்ற விஷயம் ஒன்று. ஒரே ஆள், அதே கை, அதே பொறுமை. ஒரு செடியைத் தொட்டபோது பரம்பரையின் விதி அவருக்குப் பிடிபட்டது. இன்னொரு செடியைத் தொட்டபோது அதே விதி அவர் கண் முன்னாலேயே பொய்யாகிற மாதிரி இருந்தது. நடுவில் மாறியது செடி மட்டும்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன கதை. பெல்ஜியத்துக்காரர் வான் ஹெல்மோன்ட். 1644-ல் இறந்துபோனார், அவருடைய புத்தகத்தை மகன் 1648-ல் வெளியிட்டார். அதில் வருகிற சோதனை இது. அடுப்பில் காய வைத்த மண் 200 ராத்தல் எடுத்து ஒரு தொட்டியில் போட்டார். 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக் கொம்பு ஒன்றை நட்டார். மழைத் தண்ணி அல்லது காய்ச்சி வடித்த தண்ணி மட்டும்தான் ஊற்றினார். தூசி விழக்கூடாது என்று ஓட்டை போட்ட தகரத்தால் மூடியும் வைத்தார். ஐந்து வருஷம். பிடுங்கி நிறுத்துப் பார்த்தால் மரம் 169 ராத்தல் 3 அவுன்ஸ். மண்ணைத் திரும்பக் காய வைத்து நிறுத்தால் ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான் குறைந்திருக்கிறது. ஆகவே மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். காற்றை விட்டுவிட்டார் மனுஷன். வேடிக்கை என்னவென்றால் 'கேஸ்' என்கிற வார்த்தையை உண்டாக்கினவரே அவர்தான்!

முடிவு பாதி தப்பு. ஆனால் செடியைப் பாருங்கள். முருங்கைப் போத்து நட்டால் துளிர்க்கிற மாதிரி வில்லோவும் கொம்பை நட்டால் வேர் விடும். ஆற்றோர மரம், ஈரம் எவ்வளவு இருந்தாலும் அழுகாது. வேகமாக வளரும். ஓக் மரத்தை நட்டிருந்தால் ஐந்து வருஷம் கழித்துச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. செடி சரியாக இருந்ததால்தான் மண் மரமாகவில்லை என்கிற முக்கால்வாசி உண்மையாவது கிடைத்தது.

சரி, மெண்டலுக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் இந்தப் பேரை வாத்தியார் சொன்னதும் கடைசி பெஞ்சு சிரிக்கும். சிரித்துவிட்டு 'நெட்டை, குட்டை, மூன்றுக்கு ஒன்று' என்று மனப்பாடம் பண்ணிவிட்டு மறந்துவிடுவோம். பாடப் புத்தகத்தில் விட்டுப்போன பகுதிதான் எனக்குப் பிடித்தது.

கிரிகோர் மெண்டல் 1822-ல் பிறந்தவர், விவசாயி மகன். 1843-ல் புருன் நகரத்தில் இருந்த அகஸ்தீன் மடத்தில் சேர்ந்தார். அப்போது ஆஸ்திரியப் பேரரசு, இப்போது செக் நாட்டு பர்னோ. ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். மடம் அவரை வியன்னாவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. அங்கே இயற்பியலும் கணக்கும் படித்துவிட்டுத் திரும்பி வந்து, மடத்துத் தோட்டத்தில் 35 மீட்டர் நீளம் 7 மீட்டர் அகலம் உள்ள ஒரு பாத்தியில் வேலையை ஆரம்பித்தார். சென்னையில் ஒரு கிரவுண்டுக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான்.

எடுத்தவுடன் கலப்பினம் செய்ய உட்கார்ந்துவிடவில்லை. விதை வியாபாரிகளிடமிருந்து 34 வகைப் பட்டாணி வாங்கினார். இரண்டு வருஷம் சும்மா வளர்த்துப் பார்த்தார். சும்மா என்றால், ஒவ்வொரு வகையும் தன்னைப் போலவே பிள்ளை போடுகிறதா என்று. உருண்டை விதை போட்டால் உருண்டையே வருகிறதா, நடுவில் வேறு ஏதாவது எட்டிப் பார்க்கிறதா? அதில் தேறிய 22 வகைகளைத்தான் சோதனைக்கு எடுத்தார். அந்த 22-ஐயும் சோதனை முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே வருஷா வருஷம் பயிர் செய்துகொண்டும் இருந்தார், எதுவும் மாறிவிடவில்லை என்று உறுதி செய்துகொள்ள. இரண்டு வருஷம்! நம்மிடம் யாராவது இரண்டு மாசம் காத்திரு என்றாலே விதையை வறுத்துத் தின்றுவிடுவோம்.

1866-ல் அச்சான அவருடைய கட்டுரையில் செடியைத் தேர்ந்தெடுப்பது பற்றியே தனிப் பகுதி இருக்கிறது. மூன்று நிபந்தனை சொல்கிறார். முதலாவது, எப்போதும் மாறாத, பளிச்சென்று வேறுபடும் குணங்கள் இருக்க வேண்டும். அடுத்தது, பூக்கிற நேரத்தில் வெளி மகரந்தம் உள்ளே வராமல் இருக்க வேண்டும், அல்லது சுலபமாகத் தடுக்க முடிய வேண்டும். கடைசியாக, கலப்பினமும் அதன் சந்ததியும் மலடாகாமல் ஒழுங்காகக் காய்க்க வேண்டும். இந்த மூன்றும் பயறு குடும்பத்தில் இருக்கும் என்று அதன் பூவை வைத்தே கணித்தார்.

பட்டாணிப் பூவைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? அவரை, தட்டைப்பயறு எல்லாம் ஏறக்குறைய அதே வடிவம்தான். கீழே இரண்டு இதழ் ஒட்டி ஒரு படகு மாதிரி இருக்கும். மகரந்தமும் சூல்முடியும் அந்தப் படகுக்குள்ளே. மொட்டு விரிவதற்கு முன்னாலேயே உள்ளே மகரந்தம் கொட்டி, கல்யாணம் முடிந்துவிடும். வண்டுக்கும் தேனீக்கும் வேலையே இல்லை. ஆகவே தன்பாட்டில் விட்டால் சொந்த மகரந்தம் மட்டும்தான். கலக்க வேண்டுமானால், மொட்டு முற்றுவதற்குள் படகைக் கிழித்து, சாமணத்தால் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். பொடி வேலைதான், ஆனால் அநேகமாக எப்போதும் பலிக்கும் என்று அவரே எழுதுகிறார்.

அப்படியும் நம்பிவிடவில்லை. பட்டாணி வண்டு என்று ஒன்று உண்டு, பூவுக்குள் புகுந்து முட்டையிடும், அப்போது படகு திறந்துவிடும். அதனால் சில செடிகளைத் தொட்டியில் வைத்து, பூக்கிற காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் தள்ளி, வெளியே உள்ளதோடு ஒத்துப் பார்த்தார்.

பட்டாணியில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அவர் எடுத்த ஏழு குணங்களில் இரண்டு விதையிலேயே தெரியும்: உருண்டையா சுருங்கியதா, உள்பருப்பு மஞ்சளா பச்சையா. விதை என்பது அடுத்த தலைமுறைக் குழந்தைதானே? அதனால் காயை உரித்த அன்றைக்கே அடுத்த தலைமுறை எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். நெட்டையா குட்டையா என்று பார்க்க வேண்டுமானால் மறுபடி விதைத்து வளர்த்தாக வேண்டும். நெட்டை, குட்டைக்கு அவருக்குக் கிடைத்தது 1064 செடி. 787 நெட்டை, 277 குட்டை. விதை வடிவத்துக்கோ 253 செடியிலிருந்து 7324 விதை! 5474 உருண்டை, 1850 சுருங்கியது. விதை நிறத்துக்கு 8023-ல் 6022 மஞ்சள், 2001 பச்சை. எண்ணிக்கை கூடக் கூட மூன்றுக்கு ஒன்று எவ்வளவு கிட்டே வருகிறது பாருங்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கணும். 7324-ஐ 253-ஆல் வகுத்தால் செடிக்கு 29 விதை. தனித்தனிச் செடியாகப் பார்த்தால் கணக்கு ஒழுங்காக வராது என்பதை மெண்டல் மறைக்கவில்லை. ஒரு செடியில் 43 உருண்டை, 2 மட்டும் சுருங்கியது. இன்னொன்றில் 14 உருண்டை, 15 சுருங்கியது. மாடியில் ஒரே ஒரு தொட்டி வைத்திருந்து அந்த இரண்டாவது செடி நமக்குக் கிடைத்திருந்தால்? 'பாதிக்குப் பாதி' என்று நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டிருப்போம். நிறைய விதை தருகிற, குறைந்த இடத்தில் நிறைய வளர்க்கக்கூடிய செடி வேண்டும் என்பது இதனால்தான். 1856 முதல் 1863 வரை சுமார் 28 ஆயிரம் செடிகள் வளர்த்திருப்பார் என்று மதிப்பிடுகிறார்கள்.

அவரைக் குடும்பத்திலேயே பீன்ஸிலும் முயற்சி செய்தார். ஒரு கலப்பு பட்டாணி சொன்னதையே சொன்னது. இன்னொரு கலப்பில் பூ நிறம் ஊதாவிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக வந்தது. பூத்த 31 செடியில் ஒன்றே ஒன்றுதான் வெள்ளை. பட்டாணி மட்டும் முன்னால் இல்லாமல் இந்த பீன்ஸில் ஆரம்பித்திருந்தால் மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு போயிருப்பார். பட்டாணி தெரிந்திருந்ததால், இரண்டு மூன்று காரணிகள் சேர்ந்து ஒரு நிறத்தைத் தரலாம் என்று ஊகித்தார்.

1865 பிப்ரவரி 8, மார்ச் 8 என்று இரண்டு கூட்டங்களில் உள்ளூர் இயற்கை ஆராய்ச்சிச் சங்கத்தில் படித்தார். அடுத்த வருஷம் அச்சாகி வந்தது. நாற்பது தனிப் பிரதிகள் வாங்கினார். அதில் ஒன்று மியூனிக்கில் இருந்த கார்ல் நேகலிக்குப் போனது. அந்தக் காலத்தில் பெரிய தலை. 1866 டிசம்பர் 31-ஆம் தேதி மெண்டல் எழுதிய கடிதத்தோடு ஆரம்பித்து இந்தக் கடிதப் போக்குவரத்து வருஷக்கணக்கில் ஓடியது. பட்டாணி வேலை முடிந்ததாக நினைக்காதே, இப்போதுதான் ஆரம்பம் என்கிற தோரணையில் நேகலி பதில் போட்டார். மெண்டல் சளைக்காமல் 140 பொட்டலம் பட்டாணி விதையை, எது எதுவென்று எழுதி அனுப்பி வைத்தார். அதை வைத்து நேகலி எதையும் வெளியிடவில்லை.

நேகலியின் செல்லச் செடி ஹீராசியம். மஞ்சள் பூ, சாமந்திக் குடும்பம். மெண்டலை அந்தச் செடியில் மாட்டிவிட்டது நேகலிதான் என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அது முழுக்க நியாயமாகப் படவில்லை. முதல் கடிதத்திலேயே, அடுத்த ஆராய்ச்சிக்கு ஹீராசியத்தையும் வேறு இரண்டு செடிகளையும் எடுத்திருப்பதாக மெண்டலே சொல்கிறார். பட்டாணியில் கண்டது மற்ற செடிகளிலும் உண்டா என்று பார்ப்பதுதானே முறை? நேகலி ஊக்கம் கொடுத்தார், செடிகள் அனுப்பினார். ஆனால் போனது மெண்டலாகத்தான் போனார்.

நம்ம ஊர் வரப்பில் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டைப் பார்த்திருப்பீர்கள், மூக்குத்திப் பூ என்றும் சொல்வார்கள். ஒரு பூ மாதிரி தெரிந்தாலும் அது பல குட்டிப் பூக்களின் கொத்து. ஹீராசியமும் அதே ஜாதி. ஒவ்வொரு குட்டிப் பூவிலும் ஐந்து மகரந்தப் பைகள் சூல்தண்டைச் சுற்றிக் குழாயாக ஒட்டிக் கிடக்கும். அதைப் பிரித்தெடுக்க வேண்டும், சூல்தண்டு முறியக்கூடாது. வெளிச்சம் போதாமல் கண்ணாடியும் பூதக்கண்ணாடியும் வைத்து ஒளியைக் குவித்து வேலை செய்தார். 1869-ல் கண் கெட்டுப்போகிற நிலைமைக்கு வந்து கொஞ்ச நாள் நிறுத்த வேண்டியதாயிற்று.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தது என்ன? பட்டாணியில் முதல் தலைமுறைக் கலப்பினம் எல்லாம் ஒரே மாதிரி, அடுத்த தலைமுறையில் பிரியும். ஹீராசியத்தில் தலைகீழ். முதல் தலைமுறையே ஆளுக்கு ஒரு விதம். அடுத்த தலைமுறையோ தாயை அப்படியே உரித்து வைத்த மாதிரி, பிரியவே இல்லை! 1869 ஜூனில் இதையும் ஒளிக்காமல் அதே சங்கத்தில் படித்தார். தன் பெரிய கண்டுபிடிப்புக்கு எதிரான சாட்சியைத் தானே கொண்டுவந்து வைத்த அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

என்ன நடந்தது என்பது 1903-ல்தான் தெரிந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆஸ்டன்ஃபெல்ட், ரௌங்கியேர் இருவரும் ஹீராசியம் மொட்டின் மேல் பாதியை, மகரந்தப் பையும் சூல்முடியும் சேர்த்து, பிளேடால் சீவி எறிந்தார்கள். அப்படியும் விதை வந்தது! அப்பா இல்லாமலே பிள்ளை. பல ஹீராசிய வகைகள் கருவுறாமலே, தாயின் நகலாகவே விதை போடுகின்றன. எப்போதாவது ஒன்று உண்மையில் கலக்கும், அதற்கப்புறம் அந்தக் கலப்பினம் தன்னையே நகலெடுத்துக்கொண்டு போகும். மெண்டல் பார்த்தது அத்தனையும் உண்மை. ஆனால் அந்தச் செடியிடம் அவர் கேட்ட கேள்விக்கு அதனால் பதில் சொல்லவே முடியாது. அவருடைய முதல் இரண்டு நிபந்தனைகளைக்கூட ஒருவழியாகச் சமாளித்துவிடலாம். 'விதை என்றால் அப்பாவும் அம்மாவும் உண்டு' என்பதை அவர் நிபந்தனையாக எழுதவில்லை. யாருக்குத்தான் எழுதத் தோன்றும்?

1868-லேயே மடத்துத் தலைவராகிவிட்டார். பிறகு அரசாங்கம் மடங்கள் மேல் போட்ட வரியை எதிர்த்து வருஷக்கணக்கில் சண்டை. 1884 ஜனவரி 6-ல் காலமானார். அதே 1884-ல் நேகலி பரம்பரை, பரிணாமம் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். அதில் மெண்டல் பேரே இல்லை. 1900-ல் மூன்று பேர் தனித்தனியாகப் பழைய கட்டுரையைத் தோண்டியெடுத்தார்கள். அதில் ஒருவரான கோரன்ஸ், நேகலியின் மாணவர். காலம் செய்கிற குறும்பு.

செடி சரியாக இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. டார்வின் தன் வீட்டுத் தோட்டத்தில் ஸ்னாப்டிராகன் பூச்செடியில் கலப்பு செய்து 1868-ல் எழுதியிருக்கிறார். இரண்டாம் தலைமுறையில் 127 கன்று: 88 சாதாரணப் பூ, 37 விசித்திர வடிவப் பூ, 2 இரண்டுங்கெட்டான். அருமையான செடி, கணக்கும் கிட்டத்தட்ட கையில் வந்து விழுந்தது. அவர் விகிதம் தேடவில்லை, கடந்துபோய்விட்டார்.

மெண்டல் கதையில் பலர் கவனிக்காத மூன்றாவது செடி ஒன்று உண்டு. நம்ம வீட்டுக் கிணற்றடியில் தானாக முளைக்கிற அந்திமந்தாரை! ஒரு சூலைக் கருவாக்க ஒரு மகரந்தத் தூள் போதாது, பல வேண்டும் என்று அப்போது ஒரு கருத்து இருந்தது. பிரான்சில் நோதன் அந்திமந்தாரையில் செய்து பார்த்துச் சொன்னது, டார்வினும் ஏற்றுக்கொண்டது. மெண்டல் அதே செடியை எடுத்து, ஒரு பூவுக்கு ஒரே ஒரு தூள் மட்டும் வைத்தார். நல்ல திடமான 18 விதைகள் கிடைத்தன. 1870-ல் நேகலிக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. ஹீராசியத்தோடு மல்லுக்கட்டிய அதே காலம்! அந்திமந்தாரையில் பூவுக்கு ஒரே விதைதான், தூளும் பெரிசு. ஒரு தூளா பல தூளா என்கிற கேள்விக்கு இதைவிட நல்ல செடி கிடைக்காது. பின்னால் கோரன்ஸும் இதையே பிடித்துக்கொண்டு, சிவப்பும் வெள்ளையும் கலந்தால் இளஞ்சிவப்பு வருவதையும், இலையில் வெள்ளைத் திட்டு தாய் வழியாக மட்டுமே வருவதையும் (1909) காட்டினார்.

இப்போது நம்ம மாடிக்கு வருவோம். நிஜப் பட்டாணி நீலகிரி, கொடைக்கானல் பக்கம் குளிரில் வரும். சமவெளி வெயிலில் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. அதே பூ அமைப்பு வேண்டுமானால் தட்டைப்பயறு நல்லது. பூ பெரிசு, சொந்த மகரந்தத்திலேயே பெரும்பாலும் காய்க்கும், மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: சிவப்புப் பயறையும் வெள்ளைப் பயறையும் கலந்தால் வருகிற விதையின் மேல்தோல் தாய்ச்செடி எந்த நிறமோ அந்த நிறத்தில்தான் இருக்கும். கலப்பு பலிக்கவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பட்டாணியில் உள்பருப்பின் நிறம் குழந்தையுடையது, உடனே தெரியும். பயறின் தோல் அம்மாவுடையது. அதை விதைத்து அந்தச் செடி காய்க்கிற வரைக்கும் பொறுக்கணும்.

எனக்கு என்னவோ அந்திமந்தாரைதான் பிடித்திருக்கிறது. முதல் போகம் சும்மா வளர்த்து, சிவப்பு சிவப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வருகிறதா என்று பாருங்கள். ரோட்டோரம் பொறுக்கிய விதை பெரும்பாலும் கலந்து கிடக்கும். கோடு போட்ட பூ, மஞ்சள் பூ வருகிறதைத் தள்ளி வையுங்கள், கணக்கைக் குழப்பும். பூ நாலு மணிக்கு மேல்தான் விரியும், ஆகவே மதியமே மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, சாயங்காலம் மற்ற நிறப் பூவின் மகரந்தத்தைத் தடவி, வலைத்துணிப் பையால் மூடுங்கள். காம்பில் ஒரு நூல் கட்டி தேதி எழுதி வைக்கவும். பூவுக்கு ஒரு விதைதான், நூறு விதை வேண்டுமென்றால் நூறு மதியம் மெனக்கெட வேண்டும் என்று பயப்பட வேண்டாம், முதல் கலப்புக்குப் பத்து விதை போதும், அதற்கடுத்த போகத்தில் செடி தானாகவே காய்த்துத் தள்ளும். வலையை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அந்தியில் வருகிற விட்டில் பூச்சி உங்கள் அனுமதி கேட்காது. விதை மிளகு மாதிரி இருக்கும், குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நஞ்சு.